தாழ்த்திய டிரக்கில் ஷாஃப்ட் கோணமும் பினியன் கோணமும்: அளந்து சரிசெய்ய முழு வழிகாட்டி

டிரக்கைத் தாழ்த்திய கையோடு முதல் ஓட்டம் போனால், கிளம்பும்போது பின்பக்கம் ஒரு குலுக்கல், 90 கிலோமீட்டர் வேகத்தில் காலுக்கடியில் ஒரு ரீங்காரம். வீல் பேலன்ஸ் பார்ப்பார்கள், டயரை மாற்றிப் பார்ப்பார்கள். கடைசியில் யாராவது வந்து "பினியன் கோணம் போயிருக்கும், ஆப்பு வை" என்பார். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஷாஃப்ட் பின் ஆக்சிலில் போய்ச் சேரும் தண்டுதான் பினியன். ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே வைத்து ஆக்சிலைச் சற்றே திருப்பும் சாய்ந்த தகடுதான் ஆப்பு. சில வண்டிகளில் ஆப்பு வைத்ததும் சரியாகிவிடும். சிலவற்றில் முன்பைவிட மோசமாகும். நான் முதலில் தாழ்த்திய வண்டியில் ஆப்பைத் திருப்பி வைத்து, இரண்டரை டிகிரி பிழையை ஐந்து டிகிரி ஆக்கியிருக்கிறேன்.

கியர்பாக்ஸ், ஷாஃப்ட், பினியன் ஆகியவற்றின் சரிவு என மூன்று எண்களை அளக்காமல் ஆப்பு வாங்கவே கூடாது. அளந்த பிறகும், தாழ்த்திய வண்டியில் கை வைக்க வேண்டிய இடம் பல சமயம் பின் ஆக்சில் அல்ல, கியர்பாக்ஸ் மவுண்ட். அது ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எதனால் அதிர்கிறது

ஷாஃப்ட் மடிந்து சுற்ற வழிசெய்யும் மூட்டுதான் யூ-ஜாயின்ட்: இரண்டு கவைகள் (யோக்), அவற்றின் காதுகளை இணைக்கும் கூட்டல் குறி போன்ற தண்டு (கிராஸ்), அதன் முனைகளில் மாட்டிய பேரிங் மூடிகள் (கப்). அது மடிந்த நிலையில் சுற்றும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் போனாலும் மறுபக்கம் சீராகப் போகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். 5 டிகிரி மடிப்பில் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 0.38 சதவீதம். நிமிடத்துக்கு 3000 சுற்றில் அது வெறும் 11 சுற்று வித்தியாசம்தான். ஆனால் நொடிக்கு 100 முறை நடக்கிறது. காலுக்கடியில் கேட்கும் ரீங்காரம் அதுதான்.

இதைச் சரிக்கட்டத்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஜாயின்ட் இருக்கிறது. முன் ஜாயின்ட் கெடுத்ததைப் பின் ஜாயின்ட் அதே அளவில் திருப்பிச் செய்து நேராக்கிவிடும். இதற்கு இரண்டு நிபந்தனை. இரண்டு ஜாயின்டின் கோணமும் சமமாக இருக்க வேண்டும், 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் கூடாது. ஷாஃப்டின் இரு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும்.

சமமாக இருந்தால் மட்டும் போதாது, சிறிதாகவும் இருக்க வேண்டும். பினியனுக்குப் போகும் வேகம் சீரானாலும், நடுவில் இருக்கும் ஷாஃப்ட் முந்திப் பிந்தித்தான் சுற்றும். அந்தக் கனமான குழாயின் ஆட்டத்தை எதுவும் ரத்து செய்யாது. ஸ்பைசர் நிறுவனத்தின் அட்டவணைப்படி, ஷாஃப்ட் 5000 சுற்றில் ஓடினால் ஜாயின்ட் கோணம் அதிகபட்சம் 3.2 டிகிரி, 4000 சுற்றுக்கு 4.2, 3500க்கு 5, 3000க்கு 5.8. இவை எல்லைகள், இலக்கு அல்ல. சாலையில் ஓட்டும் வண்டிக்கு 3 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள்.

சரி, பூஜ்யம் வைத்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. கோணமே இல்லாவிட்டால் கப்புக்குள் இருக்கும் நீடில் பேரிங்குகள் உருளாது. ஒரே இடத்தில் நின்று அடிவாங்கி, கிராஸின் தண்டில் பள்ளம் விழும். அரை டிகிரியாவது வேண்டும், 1 டிகிரி இருந்தால் நிம்மதி.

தாழ்த்தும்போது என்ன மாறுகிறது

எல்லாவற்றையும் ஒரே குறியீட்டில் எழுதுவோம். பின்நோக்கிப் போகப் போகக் கீழே சரிந்தால் கூட்டல், மேலே ஏறினால் கழித்தல். கியர்பாக்ஸின் வால் தாழ்ந்திருந்தால் கூட்டல். பினியனின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் மாட்டும் முன்முனை, நிமிர்ந்திருந்தால் அதன் அச்சு பின்நோக்கிக் கீழே போகிறது, அதுவும் கூட்டல். இப்படி எழுதினால் ஜாயின்ட் கோணம் என்பது வெறும் கழித்தல்: முன் ஜாயின்டுக்கு கியர்பாக்ஸ் எண்ணிலிருந்து ஷாஃப்ட் எண்ணைக் கழியுங்கள், பின் ஜாயின்டுக்குப் பினியன் எண்ணிலிருந்து ஷாஃப்ட் எண்ணைக் கழியுங்கள். விடையின் குறி இரண்டிலும் ஒன்றாக இருந்தால் கியர்பாக்ஸும் பினியனும் இணையாக நிற்கும் வழக்கமான அமைப்பு. குறி எதிரெதிராக இருந்தால் இரண்டும் ஷாஃப்டோடு சேர்ந்து ஒரே பக்கம் வளைந்திருக்கின்றன. அதிலும் கோணம் சமமானால் அதிர்வு ரத்தாகும், ஆனால் ஆக்சில் ஏறி இறங்கும்போது ஒரு கோணம் கூட மற்றது குறையும். டிரக்கில் அதைத் தவிர்ப்பது நல்லது.

இப்போது ஓர் உதாரண வண்டி. ஷாஃப்ட் நீளம் 1500 மில்லிமீட்டர். தாழ்த்துவதற்கு முன்பு கியர்பாக்ஸ் +4, ஷாஃப்ட் +6, பினியன் +4. இரண்டு ஜாயின்டிலும் 2 டிகிரி. அழகான அமைப்பு.

1500 மில்லிமீட்டர் ஷாஃப்டில், ஆக்சில் சேஸியை நோக்கி 26 மில்லிமீட்டர் ஏறினால் ஷாஃப்ட் 1 டிகிரி மாறும். இந்த வண்டியைப் பின்பக்கம் 50 மில்லிமீட்டர் மட்டும் தாழ்த்தினால் ஷாஃப்ட் சுமார் +4 ஆகிவிடும். கியர்பாக்ஸும் +4. அதாவது ஜாயின்ட் கோணம் பூஜ்யம்! அதிர்வு வராது, ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது, கிராஸ் மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்து போகும். 125 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஷாஃப்ட் +1.2க்கு வரும், கோணம் எதிர்ப்பக்கமாக 2.8. ஓட்டலாம். 180 மில்லிமீட்டர் தாழ்த்தினால் ஷாஃப்ட் -1, அதாவது பின்நோக்கி மேலே ஏறுகிறது. கோணம் 5 டிகிரி.

ஒன்றைக் கவனியுங்கள். பினியனின் சரிவு மாறாமல் ஆக்சில் நேராக மேலே ஏறியிருந்தால், இரண்டு ஜாயின்டும் ஒரே அளவுதான் மாறும். சமநிலை கெடாது, அளவுதான் மாறும். சமநிலையைக் கெடுப்பது நாம் சேர்க்கும் மற்ற சாமான்கள். லீஃப் ஸ்பிரிங்கின் பின்முனை வளையத்தை (பின்கண்) சேஸியோடு இணைத்து, அதை மேலே உயர்த்தும் ஷேக்கிள் போட்டால், முழு ஸ்பிரிங்கும் முன்கண்ணைச் சுற்றித் திரும்பி, பினியன் மூக்கு தாழும். முன்கண்ணைத் தாங்கும் ஹேங்கரை உயர்த்தினால் மூக்கு நிமிரும். ஆக்சிலை ஸ்பிரிங்குக்கு மேலே ஏற்றும் ஃபிளிப் கிட்டில், புதிய பேட் (ஸ்பிரிங் உட்காரும் தட்டு) வெல்டு ஆன கோணமே பினியன் கோணம். நீளமான டிரெய்லிங் ஆர்மில் ஆக்சில் இறுகப் பிடித்திருக்கும் வண்டிகளில், 1960 முதல் 1972 வரை வந்த செவ்ரோலெட் சி10 போல, தாழ்த்தத் தாழ்த்த ஆர்மோடு சேர்ந்து ஆக்சிலும் திரும்பி, சேஸியைப் பொறுத்து மூக்கு கீழே போகும்.

அளப்பதற்கு முன்

முதலில் கிராஸ்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆட்டமோ கரகரப்போ இருந்தால் மாற்றிவிட்டு மேலே போங்கள். என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட் ரப்பர் தொய்ந்திருந்தால் நீங்கள் எடுக்கும் எண்ணே பொய். பிறகு யோக் காதுகள் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று ஷாஃப்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனையைப் பாருங்கள். நடுவில் ஸ்ப்லைன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பல் வரி) உள்ள ஷாஃப்டை யாராவது பிரித்து ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால், எத்தனை ஆப்பு வைத்தாலும் தீராது. கழற்றும்போது சாக்பீஸில் ஒரு கோடு போட்டுவிடுவது இதற்காகத்தான்.

வண்டி தன் சொந்த உயரத்தில், சக்கரத்தின் மேல் எடை உட்கார்ந்து நிற்க வேண்டும். சேஸிக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஆக்சில் தொங்கும்போது அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அடியில் புக இடம் போதாவிட்டால் நான்கு சக்கரத்தையும் ஒரே உயர ரேம்பில் ஏற்றுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும், டேங்கில் எரிபொருள் இருக்கட்டும், வழக்கமாகப் பின்னால் என்ன சுமை ஏற்றுவீர்களோ அதுவும் இருக்கட்டும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை (ஏர் பேக்) உள்ள வண்டியென்றால் ஓட்டும் உயரத்துக்குக் காற்றடித்துவிட்டு அளக்க வேண்டும். தரையோடு படுக்கவைத்த நிலையில் எடுத்த கோணம் உதவாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரம் தரையில் நிற்கும்போது ஷாஃப்ட் கையால் சுற்றாது, வண்டியைச் சற்றே உருட்டித்தான் சுற்ற வேண்டியிருக்கும். உருட்டும்போது மட்டும் ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள், அடியில் போகும் முன்பு முன் சக்கரங்களுக்கு இருபக்கமும் கட்டை கொடுத்துவிடுங்கள்.

தரை மட்டமாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். நமக்கு வேண்டியது வித்தியாசங்கள்தான். தரை அரை டிகிரி சரிந்திருந்தால் மூன்று எண்ணிலும் அதே அரை டிகிரி சேரும், கழிக்கும்போது போய்விடும். நடுவில் கருவியை மீண்டும் பூஜ்யம் செய்யாமல் இருந்தால் போதும்.

மூன்று எண்களை எடுப்பது

காந்த அடி உள்ள டிஜிட்டல் ஆங்கிள் மீட்டர் ஒன்று வேண்டும், பத்தில் ஒரு டிகிரி காட்டினால் நல்லது. போன் ஆப் அவசரத்துக்கு உதவும், ஆனால் போனின் வளைந்த விளிம்பை எங்கே வைப்பது என்பதே பெரிய பாடு.

1. ஷாஃப்ட். குழாயின் அடியில், வெல்டு தையலும் பேலன்ஸ் எடையும் இல்லாத இடத்தில், துருவைத் துடைத்துவிட்டு நீளவாக்கில் மீட்டரை ஒட்டுங்கள். முன், நடு, பின் என மூன்று இடத்தில் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாவிட்டால் குழாய் நசுங்கியிருக்கலாம்.

2. பினியன். பினியன் யோக்கின் காது நேர் கீழே வரும்படி வண்டியைச் சற்றே உருட்டி நிறுத்துங்கள். அந்தக் காதில் இருக்கும் கப்பின் தட்டையான முகம் பினியன் அச்சுக்கு இணையானது. லாக் வளையத்தை எடுத்துவிட்டு மீட்டரை அதில் நீளவாக்கில் வையுங்கள். வளையத்தின் மேலேயே வைத்தால் அது சாய்ந்து ஒரு டிகிரி வரை ஏமாற்றும். டிஃபரன்ஷியல் பின்மூடியில் வைத்து அளப்பவர்களும் உண்டு. தகட்டு மூடியின் வளைவை நம்பி வேலை செய்ய எனக்கு மனம் வராது.

3. கியர்பாக்ஸ். கியர்பாக்ஸின் வாலுக்குள் நகர்ந்துகொடுக்கும் ஸ்லிப் யோக்கின் காதைக் கீழே கொண்டுவந்து, அதே முறையில் கப் முகத்தில் அளக்கலாம். எட்டாவிட்டால் என்ஜின் முன்புறத்தில் கிராங்கின் முனையிலுள்ள டேம்பர் சக்கரத்தின் முகம் உதவும். அது கிராங்குக்குச் செங்குத்தானது, எனவே செங்குத்துக் கோட்டிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுவே என்ஜினின் சரிவு.

ஒவ்வொன்றிலும் எண்ணோடு சேர்த்து, பின்நோக்கிக் கீழே போகிறதா மேலே ஏறுகிறதா என்று கண்ணால் பார்த்துக் குறியையும் எழுதுங்கள். மீட்டரைத் திருப்பி வைத்தால் அது காட்டும் திசையும் திரும்பிவிடும். தாழ்த்திய வண்டியில் ஷாஃப்ட் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்பதால், பெரும்பாலான பிழைகள் இந்தக் குறியில்தான் நடக்கின்றன.

மேலிருந்து பார்த்தால் பினியன் கியர்பாக்ஸுக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும் வண்டிகள் நிறைய. இரண்டு அச்சும் மேலிருந்து பார்க்கும்போது இணையாக இருந்தால் சமநிலை கெடாது, ஆனால் உண்மையான ஜாயின்ட் கோணம் சற்றுக் கூடும். பக்கவாட்டுக் கோணத்தையும் தள்ளலின் கோணத்தையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் கிட்டத்தட்ட சரியான விடை வரும்.

கணக்குப் போட்டு முடிவெடுப்பது

180 மில்லிமீட்டர் தாழ்த்திய அந்த வண்டிக்கு வருவோம். கியர்பாக்ஸ் +4, ஷாஃப்ட் -1, பினியன் +1.5 என்று அளந்தோம் என்று வையுங்கள். புதிய ஷேக்கிள் மூக்கைத் தாழ்த்தியிருக்கிறது. முன் ஜாயின்ட் 5 டிகிரி, பின் ஜாயின்ட் 2.5. வித்தியாசம் இரண்டரை டிகிரி, குலுங்காமல் என்ன செய்யும்?

வழக்கமான வைத்தியம், இரண்டரை டிகிரி ஆப்பு வைத்துப் பினியனை +4க்கு நிமிர்த்துவது. கோணங்கள் 5, 5. சமமாகிவிட்டது. ஆனால் 700 மில்லிமீட்டர் விட்டமுள்ள டயரும் 3.73 ரேஷியோவும் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 3.73 சுற்று) இருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டரில் ஷாஃப்ட் சுமார் 2830 சுற்று ஓடும், 120ல் சுமார் 3400. அட்டவணையின் எல்லையை உரசிக்கொண்டு ஓடும் வண்டி. நெடுஞ்சாலையில் ரீங்காரம் மிச்சமிருக்கும்.

அதற்குப் பதிலாகக் கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில் 25 மில்லிமீட்டர் தகடு கொடுத்து வாலை உயர்த்திப் பாருங்கள். என்ஜின் மவுண்டுக்கும் கியர்பாக்ஸ் மவுண்டுக்கும் இடையே 900 மில்லிமீட்டர் என்றால், சரிவு 1.6 டிகிரி குறைந்து +2.4 ஆகும். அதோடு ஷாஃப்டின் முன்முனையும் சுமார் 28 மில்லிமீட்டர் ஏறுவதால் ஷாஃப்ட் -1லிருந்து கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வரும். ஒரே தகடு இரண்டு பக்கமும் உதவுகிறது. முன் ஜாயின்ட் 5லிருந்து 2.4. பின் ஜாயின்ட் 1.5. வித்தியாசம் 0.9 டிகிரி, அதுவும் வேண்டிய திசையில்.

வேண்டிய திசை என்றால்? கிளம்பும்போது டார்க் (முறுக்கு விசை), ஆக்சிலைத் திருப்பிப் பினியன் மூக்கை நிமிர்த்தும், லீஃப் ஸ்பிரிங் எஸ் வடிவில் முறுக்கிக்கொள்ளும். அதனால் லீஃப் ஸ்பிரிங் வண்டியில் நிற்கும்போது மூக்கை 1 முதல் 2 டிகிரி தாழ்த்தியே வைப்பது வழக்கம். இழுக்கும்போது அது தானாகச் சமமாகிவிடும். லீஃபுக்குப் பதிலாக லிங்க் கம்பிகள் ஆக்சிலைப் பிடிக்கும் பின் சஸ்பென்ஷனில் புஷ் ரப்பர் அளவுக்குத்தான் திரும்பும், அரை முதல் 1 டிகிரி போதும். ஆக, இந்த வண்டிக்கு ஆப்பே தேவையில்லை.

உயர்த்திய வண்டிக்காரர்கள் கியர்பாக்ஸைத் தாழ்த்துவார்கள். அந்த வழக்கத்தைப் பார்த்துத் தாழ்த்திய வண்டியிலும் அதையே செய்பவர்களைக் கண்டிருக்கிறேன், இங்கே அது நேர் எதிர்.

சரிசெய்வது

கியர்பாக்ஸை உயர்த்தும்போது முழுத் தகடாகக் கொடுங்கள், வாஷர் அடுக்க வேண்டாம். போல்ட் நீளம் தகட்டுக்கு ஏற்றபடி கூட வேண்டும். வால் ஏறினால் என்ஜினின் முன்பக்கம் இறங்கும். ரேடியேட்டர் ஃபேன் காப்புத் தகட்டில் உரசுகிறதா, கேபின் தரையில் கியர்பாக்ஸ் முட்டுகிறதா, சைலன்சர் குழாய் இழுபடுகிறதா, கியர் லீவர் எல்லா கியரிலும் விழுகிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள்.

ஆப்பு வைத்தே ஆக வேண்டுமென்றால், திசைதான் பொறி. ஸ்பிரிங் ஆக்சிலுக்கு மேலே இருந்தால், மூக்கை நிமிர்த்த ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் போக வேண்டும். ஃபிளிப் கிட் போட்டு ஆக்சில் ஸ்பிரிங்குக்கு மேலே வந்துவிட்டால், தடித்த பக்கம் முன்னால். நான் தவறியது இங்கேதான். பழைய வண்டியின் பழக்கத்தில் ஃபிளிப் ஆன வண்டிக்கு வைத்துவிட்டேன். இரும்பு ஆப்பையே வாங்குங்கள், அலுமினியம் நாளடைவில் நசுங்கி யூ போல்ட் தளரும். சென்டர் போல்டின் தலை ஆப்பைத் தாண்டிப் பேட் துளைக்குள் இறங்குகிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீளமான சென்டர் போல்ட் போடுங்கள். யூ போல்ட் ஒருமுறை இறுகினால் நீண்டுவிடும், ஆகவே புதிதாகப் போடுங்கள். நான்கு நட்டையும் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, வண்டிக்குரிய டார்க் அளவில் முடியுங்கள். 4 டிகிரிக்கு மேல் தேவைப்பட்டால் ஆப்பை விட்டுவிட்டுப் பேட்டை வெட்டி மறுபடி வெல்டு செய்வதே முறை.

ஃபிளிப் கிட் போடுகிறவர்கள் பேட்டை முதலில் முழுசாக வெல்டு செய்துவிட வேண்டாம். யூ போல்டால் பிடித்து, வண்டியை மெதுவாகச் சக்கரத்தில் இறக்கி, ஆக்சிலைத் திருப்பி வேண்டிய கோணத்தில் நிறுத்தி, புள்ளி வெல்டு வைத்து, மறுபடி அளந்த பிறகே முழு வெல்டு. ஒரே மூச்சில் சுற்றி அடித்தால் சூட்டில் ஆக்சில் குழாய் வளையும். சின்னச் சின்னத் துண்டாக, இடம் வலம் மாற்றி, ஆறவிட்டு அடியுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள், பிரேக் குழாயை நகர்த்திவிடுங்கள்.

லிங்க் உள்ள வண்டியில் வேலை சுலபம். ஆக்சிலிலிருந்து முன்நோக்கிப் போகும் மேல் லிங்க்கை நீட்டினால் மூக்கு நிமிரும், குறைத்தால் தாழும். இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள்.

நடுவில் பேரிங் தாங்கும் இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால் மூன்று ஜாயின்ட். முதல் ஜாயின்டை அரை முதல் 1 டிகிரிக்குள் வைத்துவிட்டு, அதாவது முன் துண்டைக் கிட்டத்தட்டக் கியர்பாக்ஸின் கோட்டிலேயே ஓடவிட்டு, மீதி இரண்டையும் ஒன்றுக்கொன்று சமமாக்குங்கள். இங்கே முதலில் சரிசெய்ய வேண்டியது நடு பேரிங்கின் உயரம், அதற்குப் பிறகே பினியன்.

இடைவெளி

கோணம் சரியானாலும், பெரிய பள்ளத்தில் ஸ்லிப் யோக் முழுசாக உள்ளே போய் முட்டினால் கியர்பாக்ஸின் வால் பகுதி உடையும். ஓட்டும் உயரத்தில் முழுசாக உள்ளே தள்ளிய நிலையிலிருந்து 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். பம்ப் ஸ்டாப் (ஆக்சில் மேலே ஏறுவதை நிறுத்தும் ரப்பர்) தொடும் வரை ஆக்சிலை ஏற்றிப் பார்த்து, அங்கும் முட்டாமல் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். போதாவிட்டால் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து, மறுபடி பேலன்ஸ் செய்ய வேண்டும். ஏர் பேக் வண்டியைத் தரையில் படுக்க வைக்கும்போதும் இதே சோதனை. அப்போது கோணம் எவ்வளவு கோணலாக இருந்தாலும் பாதகமில்லை, ஓட்டப்போவதில்லை. ஆனால் ஷாஃப்ட் குறுக்குச் சட்டத்தையோ கேபின் தரையையோ தொடக் கூடாது.

ஓட்டிப் பார்ப்பது

அதிர்வு மிச்சமிருந்தால் எங்கிருந்து வருகிறது என்று அதன் அதிர்வெண்ணே சொல்லும். போனில் அதிர்வை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு சீட்டின் தண்டவாளத்தில் வையுங்கள். ஷாஃப்ட் 3000 சுற்றில் ஓடும்போது 100 ஹெர்ட்ஸில் கூர்முனை தெரிந்தால் ஜாயின்ட் கோணம். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ் அல்லது வளைவு. 3.73 ரேஷியோவில் 13 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தால் டயரும் சக்கரமும். ஷாஃப்டின் சுற்றும் ரேஷியோவும் வேறானால் எண்கள் மாறும், ஆனால் ஜாயின்ட் அதிர்வு எப்போதும் ஷாஃப்ட் அதிர்வைப் போல இரண்டு மடங்கு. அதே வேகத்தில் நியூட்ரலுக்குத் தள்ளி என்ஜின் சுற்றைக் குறைத்ததும் அதிர்வு நின்றால், என்ஜின் பக்கம் தேடுங்கள். ஆனால் இழுக்கும்போது மட்டும் வருகிற ஷாஃப்ட் அதிர்வும் நியூட்ரலில் அடங்கிவிடும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கிளம்பும்போது மட்டும் குலுக்கி, பிறகு சீராகிவிட்டால் ஸ்பிரிங் அதிகமாக முறுக்குகிறது, மூக்கை இன்னும் அரை டிகிரி தாழ்த்தலாம். கிளம்பும்போது சுகமாகவும் சீரான வேகத்தில் ரீங்காரமாகவும் இருந்தால், அளவுக்கு மேல் தாழ்த்திவிட்டீர்கள். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்டுகளை மறுபடி டார்க் பார்த்துவிட்டு, அப்போதே மூன்று எண்களையும் ஒருமுறை எடுத்துக் குறித்து வையுங்கள். புதிய ஸ்பிரிங் அடங்கி உட்கார்ந்ததும் ஷாஃப்ட் எண் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.